கடல் இல்லை, கப்பல் உண்டு!

கேள்வி: கடலே இல்லாத நாடு கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: எத்தியோப்பியாவைக் கேளுங்கள். 1993-ல் எரித்ரியா தனி நாடானபோது கடற்கரை மொத்தமும் அதனோடு போய்விட்டது. ஆனாலும் அரசுக் கப்பல் கம்பெனியை இழுத்து மூடவில்லை. சொந்தக் கொடியைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் துறைமுகத்தில் நங்கூரம் போடுகிறார்கள்! இறக்குமதிச் சரக்கில் பெரும்பகுதி வந்து இறங்குவது ஜிபூட்டியில்தான். அடுத்த வீட்டுத் திண்ணையில் கடை போட்டால் வாடகை தராமல் முடியுமா? அங்கிருந்து அடிஸ் அபாபா வரை சுமார் 750 கி.மீ. தூரத்துக்கு 2018 முதல் மின்சார ரயில் வணிகரீதியில் ஓடுகிறது. ஆனால் ஆகாயத்துக்குக் கடற்கரை எதற்கு? ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய விமான நிறுவனம் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ். துறைமுகம் இல்லாதது குறைதான். அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டு உட்காராததுதான் சாமர்த்தியம்.