பொங்கலுக்கு ஏன் வரலைன்னா...

லெஸ்டர்

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் நோம்பிக்கு நான் நல்லூர் வராததுக்கு அத்தை ஏதோ வெள்ளைக்காரப் பொண்ணைச் சந்தேகப்படுறாங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தடுத்தது வருமான வரி.

ஏப்ரல் 1-லிருந்து மார்ச் 31-க்குள்ள 182 நாள் நம்ம நாட்டுல இருந்துட்டா, அந்த வருசத்துக்கு நாம உள்ளூர்வாசி. வேலைக்குன்னு வெளிநாடு கிளம்புற வருசத்துல நம்ம குடிமக்களுக்கு அதுதான் கோடு. செப்டம்பர் 28 விமானம் ஏறினா 181, தப்பிச்சோம். 29 ஏறினா மாட்டினோம். ஆயுத பூசை முடிஞ்சு கம்பெனியில பொரிகடலை வாங்கிட்டுப் போடான்னு நீங்க சொல்லியும் 26-ம் தேதியே ஓடி வந்தது அதுக்குத்தான். 2025-ல ஆயுத பூசை அக்டோபர் 1. அந்தப் பொரியைத் தின்னிருந்தா, மார்ச் வரைக்கும் இங்க வாங்குற பவுண்ட் சம்பளத்தையும் அங்க காட்டணும். இங்க கட்டின வரியைக் கழிச்சுக்கலாம், 1993-லயே ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. ஆனா இங்க வச்சிருக்கிற வங்கிக் கணக்கைக்கூடப் படிவத்துல எழுதணும். ஆடிட்டர் ஃபீஸ் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

அதான் கிளம்பியாச்சே, அப்புறம் என்னன்னு கேப்பீங்க. அதே வருசத்துல திரும்பி வந்தா அந்த நாளும் சேரும்ங்க. மிச்சம் இருந்தது ரெண்டே நாள். போகிக்கு வந்து இறங்கி மாட்டுப் பொங்கலுக்குத் திரும்பி ஏறினாக்கூட கோடு தாண்டிரும். வந்த நாள், போன நாள் ரெண்டையும் முழு நாளா எண்ணுறதுதான் அங்க வழக்கம்.

இங்க எண்ணுறது வேற. ராத்திரி பன்னெண்டு மணிக்கு இந்த மண்ணுல இருந்தாத்தான் பொதுவா அது ஒரு நாள். காலையில கோயமுத்தூர்ல ஏறி ராத்திரி இங்க வந்து சேர்ந்தேனே, அந்த வெள்ளிக்கிழமையை ரெண்டு சர்க்காரும் எழுதிக்கிச்சு. ஒரே ஆளு ஒரே நாள்ல ரெண்டு பனியன் கம்பெனி ஷிப்ட் நோட்டுல ஏறின மாதிரி.

வருசம்கூட ஒத்துப் போகலை. இங்க வரி வருசம் ஏப்ரல் 6-ல பிறக்குது. ஒரு காலத்துல மார்ச் 25-ல பிறந்ததாம். 1752-ல காலண்டரைத் திருத்தி, செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14-ன்னு வச்சாங்க. காணாமப் போன பதினொரு நாளுக்கும் வரி போயிரக் கூடாதுன்னு தேதியைத் தள்ளித் தள்ளி இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. நாள் போனாலும் பரவால்ல, காசு போகக் கூடாது! கறாரான ஆளுங்க.

ஆனா ஒரு நல்லது. வேலைக்கு வந்தவனுக்கு அந்த வருசத்தை ரெண்டாப் பிளந்து, வேலையில சேர்றதுக்கு முந்தி நல்லூர்ல வாங்கின சம்பளத்தைக் கேக்காம விட்டுடறாங்க. லைன் வீட்டு வாடகைக்கு நான் எங்க இருந்தாலும் இந்தியாவுல வரி உண்டு, இங்கயும் அதைக் கேப்பாங்க. பத்து வருசமா இங்க குடியில்லாம புதுசா வந்தவங்களுக்கு, 2025 ஏப்ரல் 6-லிருந்து, முதல் நாலு வருசம் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு குடுக்கறாங்க. அதைக் கேட்டு வாங்கினா, 12,570 பவுண்ட் வரைக்கும் வரியில்லைங்கிற பொதுச் சலுகை போயிரும். நம்ம லைன் வீட்டு வாடகைக்காக அதை எவனாவது விடுவானுங்களா?

ரெண்டு நாடும் 'இவன் என் ஆளு'ன்னு இழுத்தா, நிலையான வீடு எங்கன்னு ஒப்பந்தம் கேக்கும். ரெண்டு பக்கமும் இருந்தா, குடும்பமும் தொழிலும் எந்தப் பக்கம் நெருக்கம்னு பார்க்கும். அதை மட்டும் அம்மாகிட்டக் கேட்றாதீங்க.

ஒரு வேலை இருக்குங்க மாமா. வேலைக்குன்னு வெளிநாடு போறவன் விசயத்துல அந்நியச் செலாவணிச் சட்டம் இந்த 182-ஐ எல்லாம் பார்க்கிறதில்லை. கிளம்பினதுமே என் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டுல குடியிருக்கறவங்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தியாகணும். படிவத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பறேன், வங்கியில குடுத்துருங்க. அதுவரைக்கும் வாடகையை அதுல போட வேண்டாம். ஏப்ரல் பிறந்ததும் வர்றேன். அங்க வர்ற வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினாத்தான் அந்தக் கோடு குறையும். நமக்குத் தாண்டாது, அதனால அடுத்த வருசத்துக்கும் அதே 182-தான். அத்தைகிட்டச் சொல்லிருங்க.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை