நாலு ஓம் மாப்பிள்ளை

கம்பம் பள்ளத்தாக்கில் யார் ஸ்பீக்கர் வாங்கினாலும் அதில் முதலில் ஓடுவது பண்ணைப்புரத்துக்காரர் பாட்டுதான். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அந்தப் பாட்டை எங்கள் காதில் போட்டது கல்யாண வீட்டு வேப்பமரத்தில் கட்டிய கூம்புக் குழாய். ஒரு பழைய அகுஜா ஆம்ப்ளி, ஒரு யூனிட், அவ்வளவுதான். கேட்டதும் பக்கத்து ஊர்க்காரர் மொய் எழுதச் சட்டை மாட்டிவிடுவார்.

திராட்சை நல்ல விலைக்குப் போன வருஷம், என் மச்சானுக்கு அந்தப் பாட்டை ‘உள்ளது உள்ளபடி’ கேட்கும் ஆசை வந்தது. சென்னையிலிருந்து ஆளுயர ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், ஏழு சேனல் ரிசீவர் ஒன்றும் சின்னமனூர் வீட்டில் வந்து இறங்கின. சொந்தபந்தம் கூடியது. பாட்டு ஆரம்பித்தது. மச்சான் வால்யூமை ஏற்றினார். தபேலாவும் பேஸ் கிடாரும் சேர்கிற இடத்தில் ‘டக்’. ரிசீவர் அணைந்துவிட்டது. மறுபடி போட்டார். அதே இடம், அதே டக்.

“கரண்டு போயிருச்சா?” என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள். அவள் கையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

விற்றவரைப் போனில் பிடித்தால், “சேனலுக்கு 110 வாட் சார், தாராளம்” என்றார். அட்டைப்பெட்டி வாட்டை நம்புகிறவர்கள் நாங்கள் இல்லை. 5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று எழுதிய செட்டின் முதுகில் 1 ஆம்பியர் ஃபியூஸைப் பார்த்து வளர்ந்தவர்கள். 230 வோல்ட் வீட்டில் அந்த ஃபியூஸ் தாங்குவதே 230 வாட்தான். மிச்சத்தை அட்டைப்பெட்டிதான் தரவேண்டும்.

கடைசியில் உத்தமபாளையத்து மைக்செட் அண்ணன் வந்தார். பாட்டையே கேட்கவில்லை. ரிசீவர் தலையில் புறங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார். ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்னால் இருந்த எழுத்தைப் படித்தார்.

“நாலு ஓம்ணே. நம்ம குழாய் யூனிட்டு பதினாறு. ரெண்டைச் சேத்துக் கட்டுனா எட்டு, நாலைச் சேத்தா நாலு. நீங்க ஒத்தப் பெட்டியில நாலு குழாய் பாரத்தை ஏத்தி வச்சிருக்கீங்க.”

பாரம் மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரு மீட்டர் தூரத்தில், ஒரு வாட்டுக்கு, இந்த ஸ்பீக்கர் தரும் சத்தம் 84 டெசிபெல். குழாய் சாதாரணமாக 108 வரை போகும். 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்கு, 10 வேண்டுமென்றால் பத்து மடங்கு. ஆக, குழாய் ஒரு வாட்டில் போடும் சத்தத்துக்கு இவர் சுமார் 250 வாட் கேட்பார். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி: ஆட்டுக்கறி, கோழிக்கறி எல்லாம் உள்ளே போகும், வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

அந்த 110 வாட்டும் எட்டு ஓமில், இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்த கணக்கு. ஏழும் சேர்ந்தால் குறையும். நாலு ஓமில் கரண்டு இருமடங்கு இழுக்கும். ரிசீவர் சூடேறித் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அணைந்ததே மச்சானின் அதிர்ஷ்டம் என்பேன். அணையாமல் திணறியிருந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் ட்வீட்டர் புகைந்திருக்கும்.

அண்ணன் யோசனைப்படி தனியாக ஒரு பவர் ஆம்ப் வந்தது. எட்டு ஓமில் 200 வாட், நாலில் கிட்டத்தட்ட 400. தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ரிசீவரின் ப்ரீ-அவுட்டிலிருந்து ஒயர் இழுத்து முன்பக்க ஜோடியை இதில் மாட்டினார். மீதிச் சேனல்கள் ரிசீவரிலேயே இருந்தன. தபேலா வந்தது. டக் வரவில்லை. பேஸ் கிடார் ஒவ்வொரு விரலாகக் கேட்டது. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. பில்லை நினைத்தும் இருக்கலாம்.

அண்ணன் கூலியை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். வாசலில் செருப்பைப் போட்டவர், ஆம்ப்பைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்கு இதை மட்டும் வாடகைக்குத் தருவீங்களா?”

மச்சான் யோசித்துக்கொண்டிருக்கிறார். அக்கா வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டாள்.