தூரத்து மாமா

எங்கள் நங்கநல்லூர்த் தெருவில் அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் வீடுகளை எண்ணுவதைவிட, இல்லாத வீடுகளை எண்ணுவது சுலபம். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களில் ஒரு தனி இனம் உண்டு. சம்பளம் சொல்ல மாட்டார்கள், பேரன் படம் காட்ட மாட்டார்கள். தூரம் சொல்வார்கள். மூன்றாவது வீட்டு மாமா அந்த இனத்தில் மூத்தவர்.

"பையன் சௌக்கியமா மாமா?" என்று கேட்டால், "சான்பிரான்சிஸ்கோ நேரா போனா சுமார் 13,900 கிலோமீட்டர்" என்பார். "இவன் துபாய் வழியா வரான். இங்கேருந்து துபாய் 2,900, அங்கேருந்து 13,000. கிட்டத்தட்ட 16,000 ஆயிடறது. இந்தச் சுத்துக்கு டெல்லிக்கே போயிடலாம்!" டெல்லி ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 1,760. பார்த்துவிட்டேன். கணக்கில் அவரை மடக்க முடியாது.

பாடமும் எடுப்பார். மாமியின் கூடையிலிருந்து பூத்தொடுக்கும் நூலைப் பிடுங்கி, பேரன் விட்டுப்போன உலக உருண்டையில் துபாயில் ஒரு நுனியும் சான்பிரான்சிஸ்கோவில் மறு நுனியும் வைத்து விறைப்பாக இழுப்பார். நூல் அட்லாண்டிக் பக்கமே போகாது. ரஷ்யா மேலே ஏறி, வடதுருவத்தை உரசிக்கொண்டு, கனடா வழியே இறங்கும். "சுவத்துல மாட்டற மேப்பை நம்பாதே. உருண்டைக்கு இதான் குறுக்குவழி. 16 மணி நேரம்!" பாதி தொடுத்த மல்லிகை கிரீன்லாந்து பக்கம் தொங்கும்.

அப்புறம் காற்று. "35,000 அடியில மேற்கேருந்து கிழக்கே ஒண்ணு வீசறது. கிழக்கே போறவனைத் தள்ளிவிடும், மேற்கே போறவனைப் பிடிச்சு வைக்கும்." அந்தக் காற்றைப் பற்றி அவர் சம்பந்தியைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது.

இத்தனை தெரிந்தவரைக் கடிகாரம் ஒரு தடவை கவிழ்த்துவிட்டது. கோடையில் 12½ மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 13½ என்று தூக்கத்திலும் சொல்கிறவர்தான். போன ஜூனில் பையன் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு அங்கே விமானம் ஏறுவதாக ஏற்பாடு. நடுவில் துபாயில் காத்திருப்பதையும் சேர்த்து 21½ மணி நேரம். இங்கே திங்கள் விடியற்காலை 2 மணிக்கு இறங்க வேண்டும். மாமா ஞாயிறு விடியற்காலை 2 மணிக்கு மீனம்பாக்கத்தில் நின்றார். அதுவும் சனிக்கிழமை இரவு 9 மணியிலிருந்து. மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எந்த பெல்ட்டுல நிக்கறேடா?" என்று போன் போட்டிருக்கிறார்.

"அப்பா, இப்பத்தான் வீட்டைப் பூட்டறேன்."

ஆட்டோ பிடித்து அவர் வந்து இறங்கியபோது நான் வாசலில் பால் பாக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன். "பையன் எங்கே மாமா?" என்றேன்.

ஆட்டோக்காரருக்குச் சில்லறை எண்ணியபடியே, "மீனம்பாக்கம் இங்கேருந்து அஞ்சே கிலோமீட்டர்" என்றார். "அதுவும் வரும்போது கிழக்கே பார்த்துதானே வரோம், காத்து தள்ளிடுத்து."