யூ இல்லாத கியூ: ஒரு குடும்பவியல் ஆய்வு

ஆங்கில நெடுங்கணக்கில் கியூ என்னும் எழுத்து, யூவைக் கூட்டிக்கொள்ளாமல் வாசற்படி தாண்டாது என்பது பள்ளிக்கூடங்கள்தோறும் வழங்கிவரும் கொள்கை. குயின், குயிக், கொஸ்டின், குவார்ட்டர் (கால் பாகம், நாட்டில் வேறு பொருளும் உண்டு) என்று வாத்தியார்கள் அடுக்கும் சான்றுகளும் வலுவானவைதாம். ஆனால் அகராதியை நன்றாகப் புரட்டினால், யூ துணையின்றித் தனியே திரியும் கியூக்கள் சில டஜன் அகப்படுகின்றன. இந்த ஒழுக்கக்கேட்டுக்கு யார் பொறுப்பு, இதனால் யாருக்கு ஆதாயம் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் பூர்விகம். ஃபினீசியரிடம் 'கோஃப்' என்ற பெயரில் பிறந்த எழுத்து இது. அடித்தொண்டையில் எழும் ஒரு ககரத்தைக் குறித்தது. அப்போது அதற்குக் கல்யாணம் ஆகவில்லை. கிரேக்கர்கள் வாங்கிக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்தார்கள். பிரயோசனமில்லை என்று தெரிந்ததும் எழுத்து வேலையிலிருந்து நீக்கி, 90 என்ற எண்ணைக் குறிக்கும் கணக்குப்பிள்ளை உத்தியோகம் கொடுத்தார்கள். முடிச்சுப் போட்டவர்கள் இத்தாலியின் எட்ரஸ்கர்கள். ஒரே ககர ஒலிக்கு அவர்களிடம் சி, கே, கியூ என மூன்று எழுத்துகள் சேர்ந்துவிட்டன. எந்த உயிரெழுத்தோடு எது போவது என்று பாகம் பிரித்தபோது, கியூவின் பங்குக்கு யூ வந்தது. ரோமானியர் அந்த உறவை அப்படியே தொடர்ந்தார்கள்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. பழைய ஆங்கிலத்தில் ராணியை எழுதியவர்கள் சியையும் ஒரு வகர எழுத்தையும் சேர்த்தே எழுதினார்கள்; கியூவுக்கு அரண்மனையில் இடமில்லை. 1066-இல் நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு, அவர்களுடைய எழுத்தர்கள் பிரெஞ்சு வழக்கப்படி கியூ, யூ ஜோடியைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அஃதேல், யூ உள்ள கியூக்கள் சுதேசிகள், இல்லாதவை அந்நியர் எனின், அற்றன்று. இரு சாராரும் கப்பலில் வந்தவர்களே. ஒரு சாரார் 900 ஆண்டு முந்தி வந்து ரேஷன் கார்டு வாங்கிவிட்டார்கள் என்க.

இனித் தரவுகள். தனிக் கியூக்களில் பெரும்பான்மை அரபு வழி வந்தவை: காதி, ஃபக்கீர், தலாக், நிகாப், புர்கா, கவாலி. இவற்றுக்குப் பொருள் எழுதும் சிரமம் நமக்கில்லை. லண்டன்காரர் அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஃபக்கீரை, நாம் பக்கிரி என்று பிள்ளைக்கே பெயர் வைத்து வளர்த்திருக்கிறோம். காதியோ காஜியாராகிப் பல காலம் ஆகிறது. 'காத்' மட்டும் புதிது. ஏமனில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மென்று, துப்பாமல், ஒரு கன்னம் உப்பும்வரை உள்ளேயே சேர்த்துக்கொண்டு போகும் இலை அது.

இவற்றில் என் மரியாதைக்குரியது 'கனாத்'. இரானில் மலையடிவாரத்தில் நீர் தட்டும்வரை ஒரு தாய்க் கிணறு வெட்டுவார்கள். அங்கிருந்து ஊர்வரைக்கும், கண்ணுக்குத் தெரியாத சரிவில் ஒரு சுரங்கக் கால்வாய். மண்ணை வெளியேற்றவும் காற்று புகவும் வழிநெடுகக் கிணறுகள். பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது. தண்ணீர் வெயில் படாமல் தானே நடந்து வருகிறது. இப்படிப்பட்ட 11 கனாத்துகளை யுனெஸ்கோ 2016-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஸ்கிராபிள் ஆட்டத்தில் இவ்வளவு பொறியியலுக்கும் சேர்த்து 14 மதிப்பெண்தான். மேற்படி கோஃபுக்கோ 18.

அல்பேனியாவின் கின்டார், அஜர்பைஜானின் கபிக் இரண்டும் காசுகள். சில்லறை விஷயம், விட்டுவிடலாம்.

ஆதாயம் யாருக்கு என்ற வினாவுக்கு இப்போது வருவோம். 1930-களில் அமெரிக்காவில் வேலை போன கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்களில் எழுத்துகளை எண்ணி எண்ணி ஓர் ஆட்டம் அமைத்தார். அதுவே பின்னாளில் ஸ்கிராபிள் ஆயிற்று. 100 வில்லைகள், அவற்றில் கியூ ஒன்று, யூ நான்கு. நான்கு யூவும் செலவான பிறகு கியூ கையில் வந்து உட்காரும். ஆட்டம் முடியும்போது கையிலேயே இருந்தால் 10 மதிப்பெண் கழியும். முதலில் கையைக் காலி செய்தவர் கணக்கில் அதே 10 ஏறும். இந்த ஆபத்தில் உதவுவது கியூ, ஐ என்ற ஈரெழுத்துச் சொல். சீனர் சொல்லும் உயிர்ச்சக்தி அது. மேல்நாட்டார் முன்பு சி, ஹெச், ஐ என்றுதான் எழுதினார்கள். 1958-இல் சீன அரசு பின்யின் என்ற ரோமன் எழுத்து முறையை ஏற்றபோது, அந்த ஒலிக்குக் கியூ நியமனமானது. அமெரிக்கப் போட்டிச் சொற்பட்டியலில் 2006-இல் இடம் கிடைத்தது. களஆய்வு சித்தப்பா வீட்டுக் கூடத்தில் நடந்தது.

"என்னடா இது, ரெண்டே எழுத்து?"

"ச்சீ, சித்தப்பா."

"யாரைப் பாத்துடா ச்சீங்கற?"

"அந்த வார்த்தையே அதான். உயிர்ச்சக்தின்னு அர்த்தம்."

"உனக்கு இருக்கற சக்திக்குப் பதினொரு பாயிண்ட் ஜாஸ்திடா."

சித்தப்பா அர்த்தம் கேட்டதே ஆட்டத்தின் மரபுக்கு விரோதம். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மனப்பாடம் செய்து 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார்.

வெளிநாட்டார் மட்டுமே யூவைக் கைவிட்டார்கள் என்பாரும் உளர். அவர்களுக்கு மறுப்பாக இரண்டு சாட்சிகள். டிராங்குவிலைசர் என்ற அமைதி மருந்தைச் சுருக்கியபோது, ஆங்கிலம் பேசுவோர் தம் கையாலேயே யூவுக்கு முன்னால் கத்தி வைத்து 'டிராங்க்' ஆக்கினார்கள். 'குவெர்ட்டி'க்கு அந்தக் காரணமும் கிடையாது. தட்டச்சுப் பலகையின் மேல்வரிசையில் முதல் ஆறு விசைகளை அப்படியே வாசித்துச் சொல் என்று சேர்த்துவிட்டார்கள்.

1920-இல் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனத்தையும் சாட்சிக்கு அழைக்கலாம். அதன் கியூ குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் முதலெழுத்து. ஊரில் இருந்தவரை யூவோடு குடித்தனம் நடத்திவிட்டு, விமானம் ஏறும்போது தனியாக ஏறியிருக்கிறது. ஆனால் குவாண்டாஸ், கத்தார், இராக் எல்லாம் தனிப்பெயர்கள். ஸ்கிராபிள் பலகையில் இறங்க அவற்றுக்கு விசா கிடையாது.