நல்ல புக் இருந்தா சொல்லுங்க தம்பி

துபாயில் தேராவிலோ கராமாவிலோ, கட்டில் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் பெட்ஸ்பேஸில் தங்கியிருப்பவர்களுக்கு இவரைத் தெரியும். கணக்குப் பிரிவில் வேலை. ஊர் கடையநல்லூராக இருக்கலாம், கும்பகோணமாகவும் இருக்கலாம். வேலைக்கு அரபி தேவையே இல்லை. ஆனாலும் விமானத்தைவிட்டு இறங்கிய வாரமே அரபி படித்தே தீருவது என்று முடிவெடுத்தவர். முடிவு இன்னும் வாடவில்லை.

"தம்பி, ஆரம்பத்துலேர்ந்து படிக்க நல்ல புக் எது?"

எதைச் சொன்னாலும் அவரிடம் இருக்கும். போனில் டுவோலிங்கோ, டெலிகிராமில் இறக்கிய பி.டி.எஃப். மூட்டை, போதாததற்கு உலகமெல்லாம் புழங்கும் மதீனாப் புத்தகம் அட்டை போட்டபடி. அதை எழுதிய வி. அப்துர் ரஹீம் நம்ம வாணியம்பாடிக்காரர், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பிறமொழிக்காரர்களுக்கு அரபி சொல்லிக்கொடுத்தவர் என்பதைத் தன் தாய்மாமன் சாதனைபோல் சொல்வார். முதல் பாடத்தில் பென்சில் கோடுகள் உண்டு. அதற்கப்புறம் தாள்கள் கடையில் இருந்த வெள்ளை மாறவில்லை.

ஹான்ஸ் வேர் அகராதியும் வாங்கினார். அதில் சொற்கள் வேர்ச்சொல் வரிசையில் இருக்கும் (பெயரிலேயே எச்சரித்திருக்கிறார்கள்). அலுவலகம் என்கிற ‘மக்தப்’பை ‘மீம்’ எழுத்தில் தேடி, அதன் வேர் ‘காஃப்’ எழுத்தில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் குப்பூஸ் ரொட்டி விறைத்துப்போயிற்று.

28 எழுத்தில் ஆறு மட்டும் அடுத்த எழுத்தோடு சேராமல் முறைத்துக்கொண்டு நிற்கும் என்பதை நமக்கு வகுப்பே எடுப்பார். ‘ஐன்’ எழுத்துக்குத் தொண்டையின் நடுவிலிருந்து ஒலி வரவேண்டும். குளியலறையில் பயிற்சி நடக்கும்போது, "அண்ணே, வாந்தியா? எலுமிச்சம்பழம் தரட்டுமா?" என்று கதவைத் தட்டுவார்கள்.

அவருக்கு மிகவும் பிடித்த கட்டம், எந்த அரபியைப் படிப்பது என்ற விசாரணை. செய்தி வாசிப்பவர் பேசுவது ஃபுஸ்ஹா. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நலம் விசாரிக்க எகிப்துக்காரர் ‘இஸ்ஸய்யக்’ என்பார், லெபனான்காரர் ‘கீஃபக்’ என்பார், வளைகுடாக்காரர் ‘ஷ்லோனக்’ என்பார். மூன்றையும் மூன்று கலர் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார். இதுவரை எந்த அரபியையும் நலம் விசாரித்ததில்லை.

எங்கே விசாரிப்பது? டாக்ஸி ஓட்டுகிறவர் பெஷாவர், பகாலா மளிகைக்கடைக்காரர் மலப்புரம். அரபி பேசிப் பழக ஆள் தேடி அலைந்ததில் அண்ணனுக்கு மலையாளம் சரளமாகிவிட்டது. இந்தி இலவச இணைப்பு.

இப்படிப்பட்டவருக்கு மச்சான் ஒருவர் எப்படியும் குவைத்தில், அரபி வீட்டில் டிரைவராக இருப்பார். புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. ‘மாஃபி மாலூம்’ (தெரியாது), ‘மாஃபி முஷ்கில்’ (பிரச்சினை இல்லை) என்று தொடங்கி, முதலாளியம்மா திட்டத் திட்டப் படித்து, இன்று மீன் சந்தையில் விலையை அடித்துப் பேசுகிறார். அண்ணனுக்கு இதில் மதிப்பில்லை. "அது இலக்கணம் இல்லாத அரபி, தம்பி." உண்மைதான். இலக்கணம் இவரிடம் இருக்கிறது, அரபி மச்சானிடம் இருக்கிறது.

மதீனாப் புத்தகம் நல்ல புத்தகம். தப்பாகச் சொன்னால் திருத்த ஒரு ஆளும் பக்கத்தில் இருந்தால், தொடங்குகிறவருக்கு அதுவே போதும். எனவே கராமா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அண்ணன் இரண்டாம் பாடத்தை முடிக்கும்வரை இன்னொரு புத்தகத்தின் பெயரை அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.