ஆச்சியின் ஆள்காட்டி விரல்

ஆறேழு மாதக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஈறு ஆச்சியை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. எச்சிலில் நனைந்த சட்டையை நடையில் வைத்து மாற்றினால் போதும். மூன்று வீடு தள்ளித் திண்ணையில் பாக்கு வெட்டிக்கொண்டிருப்பவளுக்குத் தெரிந்துவிடும். “ஏளா, பிள்ளைக்குப் பல்லுல்லா மொளைக்கி!” என்று முதலில் குரல் வரும். பிறகு ஆச்சி வருவாள். ஆச்சிக்கு அரையடி முன்னால் அவளுடைய ஆள்காட்டி விரல் வரும்.

அந்த விரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது அது. குழம்பில் உப்புப் பார்ப்பது அது. ரேஷன் கடை மிஷினில் நாலு தரம் வைத்தும் ரேகை விழாத அளவுக்கு உழைத்துத் தேய்ந்ததும் அதுவே. வருகிற வழியில் முந்தானையில் ஒரு துடைப்பு, சுத்தம் முடிந்தது. “ஆச்சி, கைய...” என்று நாம் ஆரம்பிப்பதற்குள் விரல் உள்ளே போயிருக்கும். முகத்தை மேலே தூக்கி, கண்ணைப் பாதி மூடி, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் தேடுகிறவர் மாதிரி ஈறு நெடுகத் தடவுவாள். எங்கேயோ தட்டுப்படும். உடனே தீர்ப்பு. “ரெண்டு பல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள வெளிய வந்துரும்.”

எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

ஆச்சியின் வைத்திய சாஸ்திரத்தில் ஒரே ஒரு நோய்தான் உண்டு. குழந்தை அழுதால் பல். அழாமல் கிடந்தால் பல் உள்ளுக்குள் குடைகிறது. வயிற்றாலே போனால் பல். மூன்று நாள் போகாவிட்டால் அதுவும் பல். காதைப் பிடித்து இழுத்தால், கேட்கவே வேண்டாம். எதிர்வீட்டு மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதுகூட, “பிள்ளைக்குப் பல்லு மொளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்” என்றாள்.

மருந்துக்கும் குறைவில்லை. மணிக்கட்டில் வசம்பு வளையம் கட்டச் சொல்வாள். ஈற்றில் தேன் தடவச் சொல்வாள். கடைசியாகச் சுருக்குப்பை அவிழும். வெற்றிலைக்கும் பத்து ரூபாய் நோட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு மரப்பாச்சி எழுந்து வரும். தெருப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கடித்ததில் மூக்கு போய், காது போய், ஆணா பெண்ணா என்பதும் போய்விட்டது. “இதுல உன் பல்லும் பட்டிருக்குலே” என்று என்னிடம் காட்டுவாள். தாலுகா ஆபீசில் கொண்டுபோய் வைத்தால் வாரிசுச் சான்றிதழே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

எனக்கும் ஆச்சிக்கும் உள்ள வழக்கு வேறு. நான் தாய்மாமன். மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது ஊர்ச் சட்டம். அக்கா பிள்ளையோடு வந்திருந்த அன்று, ஆச்சி விரலை உள்ளே விட்டவள் சட்டென்று நிறுத்தி, “மேல கொஞ்சம் தடிப்பால்லா இருக்கு” என்று இழுத்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள். எல்.ஐ.சி. ஏஜெண்டுகள் பார்க்கும் பார்வை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று ராத்திரி டார்ச் அடித்து மருமகன் வாயைப் பார்த்தேன். வெளிச்சம் பட்டு அவன் அழுதான். ஆச்சியைக் கேட்டால் அதற்கும் பல்தான் காரணம் என்றிருப்பாள்.

மறுநாள் பாளையங்கோட்டையில் குழந்தை டாக்டரிடம் போனோம். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கீழ் நடுப்பல் இரண்டும்தான் முதலில் வரும் என்றார். தாய்மாமன்கள் இத்தனை பேர் உயிரோடு நடமாடுவதன் ரகசியம் அன்றுதான் விளங்கியது. ஆறு மாதம் போல ஆரம்பித்து, மூன்று வயதுக்குள் பால்பல் இருபதும் வந்துவிடுமாம். ஈறு வீங்கும், எச்சில் ஒழுகும், பிள்ளை சிணுங்கும். ஆனால் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பல்மேல் பழி போடாமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிற மாதமும், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற மாதமும், பல் முளைக்கிற மாதமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. கிருமி செய்கிற வேலைக்குப் பல் கையும் களவுமாக மாட்டுகிறது.

இப்படிப் பல்லை மாட்டிவிட்டதில் ஆச்சிக்கு முன்னோடிகள் எல்லாரும் படித்தவர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் மரணப் பதிவேட்டில் 1839இல் மட்டும் 5,016 சாவுக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்றே எழுதியிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புரோஸ் பாரே, பல்லுக்கு வழிவிட ஈற்றைக் கத்தியால் கீறச் சொன்னார். அது சில நூற்றாண்டுகள் நடந்தது. பல் முளைக்கக் கொடுத்த பொடியில் பாதரச உப்பைக் கலந்து 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் விற்றார்கள். கையும் காலும் சிவந்து பிள்ளைகள் அவதிப்பட்டன. ஆச்சி விரலோடு நின்றுகொண்டாள்.

அக்கா ஆச்சியின் மருந்துப் பட்டியலை ஒப்பித்தாள். டாக்டர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. வசம்பு வளையம் வேண்டாம், மணி கழன்றால் தொண்டையில் போய் அடைக்கும். நான் என் பங்குக்கு, மரத்துப்போக வைக்கிற ஜெல் தடவலாமா என்று கேட்டேன். பென்சோகெயின் கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்குக் கீழே விற்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018இலேயே சொல்லிவிட்டதாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகக்கூடும். எனக்கும் அடி விழுந்தது. “பின்னே என்னதான் செய்ய?” என்றாள் அக்கா. ஈரத் துணியை ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று கடிக்கக் கொடுக்கலாம் என்றார். “இல்லன்னா, நல்லாக் கழுவின விரலால ஈற்ற மெதுவாத் தேச்சுவிடுங்க.”

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

செய்தி தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ‘கழுவின’ என்பது பஸ்ஸிலேயே இறங்கிவிட்டது. “டாக்டரே வெரலத்தான் போடச் சொல்லிட்டாரு” என்று ஆச்சி நாலு வீட்டில் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தாள். அக்கா குழாயடியில் சோப்போடு நின்றாள். “அம்பது வருசமா இந்த வெரலுக்கு ஒண்ணும் வரல” என்று முனகியபடியே கழுவினாள் ஆச்சி. சுண்ணாம்புக் கறை கொஞ்சம் போயிற்று. விரல் உள்ளே போனது. மருமகன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, கண்ணை மூடி, சொகுசாக ஈற்றில் வைத்து அழுத்தினான்.

“எம்மா!” என்று விரலை உருவினாள் ஆச்சி. நுனியில் நகக்குறி மாதிரி மெல்லிய கோடு. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“கீழ்ப்பல்லுதாம்லே. போயி நிம்மதியாக் காப்பியக் குடி.”

“இன்னைக்குச் செவ்வாக்கிழமைல்லா ஆச்சி?” என்றேன்.

“வெள்ளிக்கிழமைக்குள்ளன்னுதானே சொன்னேன்” என்று விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.