ஐயாயிரத்துக்குள் திருடிய யோக்கியர்கள்

பழவேற்காட்டு மக்களுக்கு ஒரு நல்ல சேதி. 2024 ஜூலை 1 முதல் இந்த நாட்டில் குற்றம் செய்தவன் கூலி வாங்காமல் ஊருக்கு உழைத்துக் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா அதைத் தண்டனை என்றே ஏற்றுக்கொண்டுவிட்டது. பெயர் சமூக சேவை. இந்தப் பாக்கியம் யாருக்கு? ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவையாகத் திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டவனுக்கு. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவனுக்கு. அவதூறு பேசியவனுக்கு. அதிகாரியைப் பணிய வைக்கத் தற்கொலைக்கு முயன்றவனுக்குக்கூட உண்டு.

கோரைக்குப்பத்துப் பையன் ஒருவன் அடுத்தவர் வலையைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று வையுங்கள். நல்ல வலை என்றால் விலை ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். அவன் சேவைக்கு லாயக்கில்லை, உள்ளே போக வேண்டியதுதான். திருடுவதற்கு முன் கடையில் விலை விசாரித்துக்கொள்வது நல்லது.

சரி, வலையை விட்டுவிட்டுப் பழவேற்காட்டு ஏரியையே கெடுத்தால்? அதற்கும் சட்டம் இருக்கிறது, பயப்பட வேண்டாம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறை என்று ஒரு முரட்டு வரி இருந்தது. 2023 ஆகஸ்டில் ஜன் விஸ்வாஸ் சட்டம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அதையும் கட்டாமல் இழுத்தடித்தால்தான் சிறை. பதினைந்து லட்சம்! மணலியிலும் எண்ணூரிலும் உள்ள பெரிய ஆலைகளுக்கு அது எத்தனை நிமிட வருமானம் என்று அவர்களுடைய ஆடிட்டரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சட்டம் நிறைவேறி நான்கே மாதம், மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையான சிபிசிஎல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலை வளாகத்தைத்தான் கை காட்டியது. பிறகு நடந்ததை நாடே டிவியில் பார்த்தது. குளியலறை மக்கால் எண்ணெயை மொண்டு பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் யார்? மீனவர்கள். முழங்கை வரை கறுப்பு, வேட்டியில் கறுப்பு, படகின் அணியம் முழுக்கக் கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு.

2017லும் இதே கதைதான். ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்று துறைமுகம் முதலில் அறிக்கை விட்டது. அந்த ‘பாதிப்பில்லை’யைக் கரையிலிருந்து வாளி வாளியாக அள்ளினார்கள் மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும். கப்பல் முதலாளி எவரும் வாளியோடு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆக, பழவேற்காடு–எண்ணூர் வட்டாரத்தில் சமூக சேவைத் தண்டனை புதிய சட்டத்துக்கு முன்பே அமலில் இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: குற்றம் செய்யாதவன்தான் சேவை செய்ய வேண்டும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடிப் படகு கடலுக்குப் போக முடியாமல் நின்றபோதெல்லாம் ஊரே காசு போட்டுத் தோண்டியது. அதை நிரந்தரமாகத் திறக்க 26.85 கோடி ரூபாய்த் திட்டம் போடுவதற்குள் அரசாங்கத்துக்கு எத்தனையோ பருவங்கள் கழிந்துவிட்டன. கொசஸ்தலை ஆற்றில் பல்லால் ஓலைக்கூடையைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த சேறு அது. அவர்கள் கையில் வெட்டு, காலில் புண். எந்தக் கோர்ட்டு கொடுத்த தண்டனை இது? எந்தப் பிரிவில்?

பழவேற்காட்டு ஊர்ப் பஞ்சாயத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் வகுத்த ‘பாடு’ முறையை ஒருத்தன் மீறி அடுத்தவன் பாட்டில் வலை போட்டால் ஊர் கூடும், தண்டம் விழும். தப்பு செய்தவன்தான் கட்டுவான். வலையைப் பறிகொடுத்தவனிடம் போய்த் தண்டம் கேட்கிற அளவுக்கு அந்தப் பெரியவர்கள் இன்னும் படிக்கவில்லை.

கம்பெனிகள் சேவையே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதம் கொடுக்கிறார்களே. ஸ்கூல் பை, தையல் மெஷின், தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். தெருக் கூட்டும் சில்லறைத் திருடனுக்குத் துடைப்பத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ள அனுமதி உண்டா? திறப்பு விழாவுக்கு கலெக்டர் வருவாரா?

என் கோரிக்கை சின்னது. அந்த ஐயாயிரம் ரூபாய் உச்சவரம்பை எடுத்துவிடுங்கள். பெரிய மனிதர்களும் சேவை செய்யட்டும். அடுத்த முறை எண்ணெய் வரும்போது (வரும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை) மேலாண்மை இயக்குநருக்கு ஒரு மக், போர்டு உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு வாளி. கையுறை கிடையாது, மீனவனுக்குக் கொடுத்தோமா? மதியம் அதே கழிமுகத்து மீனில் குழம்பு. சாப்பிட மாட்டேன் என்றால் கோர்ட்டு அவமதிப்பு. நீச்சல் தெரியாது என்று வக்கீல் எழுந்தால், இடுப்பளவுத் தண்ணீர்தான் என்று சொல்லி உட்கார வையுங்கள்.

உடம்பு வளையாது என்றால் எழுத்து வேலை கொடுக்கலாம். 2024இல் புனேயில் போர்ஷே காரை ஏற்றி இரண்டு பேரைக் கொன்றதாகப் பிடிபட்ட சிறுவனை, 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லித்தானே முதலில் ஜாமீனில் விட்டார்கள்? ஆனால் நம் ஊர்க் கம்பெனிகள் அந்தப் பையனைவிடக் கெட்டிக்காரர்கள். கட்டுரையை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் காட்டுப்பள்ளியில், 330 ஏக்கர் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்க அதானி குழுமம் கொடுத்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தூக்கிப் பாருங்கள், கை வலிக்கும். அதன்மேல் 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் வைத்ததையும் தள்ளிவைத்தார்கள். குப்பத்து ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு மனுவும் கொடியுமாக இரண்டு முறையும் திரண்டார்களே, அந்தக் கூலியில்லாத உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?